மண்ரோட்டு மழைநீரை ஓடையில் விழும் முன்பே காட்டில் இறக்குவது எப்படி?

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு நாளில் பழனிமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு மண்ரோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். ரோட்டுக்கு மேல்புறம் ஓடை பெருகி வந்தாலும் அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியும். ரோட்டைத் தாண்டிப் பத்தடி கீழே செங்கல் கரைத்த தண்ணீர் ஓடும். நடுவில் மலை ஏதும் சரியவில்லை, மரம் எதையும் யாரும் வெட்டவில்லை. இரண்டு பக்கத்து ஏற்றத்திலிருந்தும் ரோட்டு வழியாக இறங்கி வந்த மழைநீர் அங்கே ஓடையில் விழுந்திருக்கிறது, அவ்வளவே.

அந்தச் சேறு கூழாங்கற்களின் இடுக்கில் போய்ப் படிகிறது. நீர்ப்பூச்சிகளின் புழுக்களும் தலைப்பிரட்டைகளும் மீன் முட்டைகளும் இருப்பது அந்த இடுக்கில்தான். மிச்சம் மலையிறங்கி, மருதாநதி அணையிலோ மஞ்சளாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளிலோ வண்டலாகத் தங்கிவிடுகிறது. ஓடையில் கறுப்பு ஓஸ் போட்டு வீட்டுக்கும் வாழைக்கும் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் பாதி நாள் ஓஸ் வாயில் அடைத்த சேற்றை எடுப்பதிலேயே போகும்.

மலையில் புதிதாகத் தோட்டம் வாங்கியவர்களுக்கும், ஊர்ப் பாதையை நாமே சரிசெய்வோம் என்று கூடியிருக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடப்பாரை, மண்வெட்டி, நாலு ஆள், ஒரு மழைக்காலம் பொறுமை இருந்தால் பெரும்பகுதி வேலையை முடித்துவிடலாம். மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் சேரும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ரோட்டை விட்டு இறக்கிவிட வேண்டும். கீழே வருகிற எல்லா வேலையும் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தாம்.

ரோடு ஏன் இவ்வளவு மண்ணைக் கொடுக்கிறது?

சருகு மூடிய காட்டு மண் மழையைக் குடிக்கும். ஜீப்பும் பிக்கப்பும் ஓடி இறுகிய ரோடு குடிக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளம் உள்ள ரோட்டில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 15,000 லிட்டர். சாதாரணத் தண்ணீர் லாரி ஒன்றில் ஏற்றுவதைவிட அதிகம். அவ்வளவும் இரண்டு சக்கரத் தடத்துக்குள் ஓடுகிறது. போகப்போக வேகம் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அறுக்கும் வலு நான்கு மடங்காகிறது.

இதோடு முடிவதில்லை. ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில், மண்ணுக்குள் மெதுவாகக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்த நீரும் வெளியே வந்து ரோட்டோர வாய்க்காலில் சேர்ந்துகொள்கிறது. நாட்கணக்கில் நடந்து ஓடைக்குப் போயிருக்க வேண்டிய நீர் சில நிமிடங்களில் போய்ச் சேர்கிறது.

வண்டிப் போக்குவரத்து இதை எவ்வளவு பெருக்கும் என்பதற்கு ஒரு அளவீடு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிளியர்வாட்டர் ஆற்றுப் படுகையில் லெஸ்லி ரீடும் தாமஸ் டன்னும் செய்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. மரம் ஏற்றும் லாரிகள் ஓயாமல் ஓடிய கப்பி ரோடுகள், கைவிட்ட ரோடுகளைப் போல 130 மடங்கு மண்ணைக் கொடுத்தன என்று அவர்கள் கண்டார்கள். பென்சில்வேனியா மாநிலம் 1997 முதல் மண்ரோடுகளுக்கும் கப்பி ரோடுகளுக்கும் என்றே தனி நிதி வைத்திருக்கிறது. அங்கே உள்ளூராட்சி இந்தப் பணத்தைக் கேட்க வேண்டுமானால் அதன் ஆட்கள் முதலில் இரண்டு நாள் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஓடைகளைக் காக்க ரோட்டு வேலைக்காரருக்குப் பாடம் எடுப்பது எனக்கு மிகச் சரியான யோசனையாகப் படுகிறது.

முதல் வேலை: மழையில் நடப்பது

வெயில் நாளில் ரோட்டைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். கனமழை பெய்யும்போது குடையோடு, மேட்டிலிருந்து ஓடை வரை தண்ணீரோடு சேர்ந்து நடங்கள். அட்டை கடிக்கும், உப்புத்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயங்களைக் குறியுங்கள். தண்ணீர் எங்கே ரோட்டுக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் ரோட்டிலேயே ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது, வெளியேறிய பிறகு காட்டில் அடங்கிவிடுகிறதா, ஓடைக்கே போகிறதா. ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து மரத்தில் துணிக் கீற்று கட்டுங்கள். மழையில் சுண்ணாம்புக் கோடு நிற்காது.

நடந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஒரு கிலோமீட்டர் ரோட்டில் ஓடைக்கு நேராகச் சேற்றை அனுப்பும் இடங்கள் சிலவே இருக்கும். வேலையை அங்கே தொடங்குங்கள். ஓடைக்குத் தொலைவில், காட்டுக்குள் தண்ணீர் இறங்கி அடங்கும் பகுதிகளை அடுத்த ஆண்டுக்கு விடலாம்.

வெளியோர மேட்டை உடைப்பது

செலவே இல்லாமல் பெரிய பலன் தருவது இது. மழைக்காலம் முடிந்ததும் ஜேசிபியை விட்டு ரோட்டைச் சுரண்டுவது மலையில் ஆண்டுதோறும் நடக்கிறது. சுரண்டிய மண் பள்ளத்துப் பக்க ஓரத்தில் நீள வரப்பாகக் கிடக்கும். பத்தாண்டு இப்படிச் சுரண்டினால் ரோடு சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து, இருபுறமும் கரை கட்டிய வாய்க்காலாகவே மாறிவிடும். தண்ணீர் வெளியே போக விரும்பினாலும் வழி இருக்காது.

மண்வெட்டியால் அந்த வரப்பைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஓரிடம் வெட்டித் திறந்துவிடுங்கள். ஓர் ஆள் அரை நாளில் நூறு மீட்டரைக் கூட முடித்துவிடலாம். வெட்டிய மண்ணைச் சரிவில் தள்ளாதீர்கள். அடுத்த மழையில் அதுவும் ஓடைக்குத்தான் போகும். ரோட்டில் விழுந்த தடத்தை நிரப்பி மிதித்து இறுக்குங்கள்.

கொண்டைஊசி வளைவில், நேர்ப் பள்ளத்துக்கு மேலே, வண்டி வழுக்கினால் தடுக்க வேறெதுவும் இல்லாத இடத்தில் அந்த வரப்பு பாதுகாப்புக்காக இருக்கலாம். அங்கே அகலமாக வெட்டாமல் சிறு இடைவெளி மட்டும் விடுங்கள், ஓரத்தில் கல் நடுங்கள்.

ரோட்டுக்குச் சாய்வு

தட்டையான ரோடு தண்ணீரைத் தேக்கும். தேங்கிய இடத்தில் சக்கரம் குழி பறிக்கும். பள்ளத்துப் பக்கமாக நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சாய்வு கொடுத்தால் மழைநீர் மெல்லிய படலமாக ரோட்டைக் குறுக்கே கடந்து காட்டில் இறங்கும். மூன்று மீட்டர் அகல ரோட்டில் உள்ளோரத்துக்கும் வெளியோரத்துக்கும் ஒன்பது முதல் பதினைந்து சென்டிமீட்டர் வித்தியாசம். செங்குத்தான ஏற்றத்திலும், களிமண் வழுக்கும் இடத்திலும், சுமை வண்டி மழையில் ஓடும் ரோட்டிலும் வெளிச்சாய்வு ஆபத்து. அங்கே மலைப் பக்கம் சாய்த்து, வாய்க்கால் வழியாகத் தண்ணீரை எடுத்து, இடையிடையே ரோட்டைக் கடத்திவிட வேண்டும்.

குறுக்குத் தாழ்வு: இதைச் சரியாகச் செய்தால் பாதி வெற்றி

ரோட்டை ஓரிடத்தில் குறுக்கே தாழ்த்தி, அதையடுத்துக் கீழ்ப்புறம் ஒரு மழுங்கலான மேடு எழுப்புகிறோம். இறங்கி வரும் தண்ணீர் மேட்டில் முட்டித் தாழ்வு வழியாக வெளியேறும். வண்டி ஏறி இறங்கிப் போகும். ஊருக்குள் போடும் வேகத்தடையைப் போலக் கூர்மையாகப் போட்டால் டிரைவர்கள் ஒரே வாரத்தில் தடத்தைத் தேய்த்துத் தரைமட்டமாக்கிவிடுவார்கள். அதனால் நீளமாகவும் மழுங்கலாகவும் இருக்க வேண்டும்.

முதலில் சரிவை அளந்துகொள்ளுங்கள். இரண்டு மீட்டர் நேர்க்கம்பு ஒன்றை ரோட்டு நெடுக நீட்டி, ஏற்றப் பக்க முனையைத் தரையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்துக் கம்பைச் சமமாகப் பிடியுங்கள். கீழ் முனைக்கும் தரைக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் சரிவு 5 சதவீதம். 16 என்றால் 8. 22 என்றால் 11. எளிதில் கரையும் மண்ணில் 5 சதவீதச் சரிவுக்கு 50 மீட்டருக்கு ஒரு தாழ்வு, 8 சதவீதத்துக்கு 40 மீட்டர், 11 சதவீதத்துக்கு 35 மீட்டர், அதற்கு மேலே போனால் 30 மீட்டர். சரளைக்கல் கலந்த கெட்டி மண்ணாக இருந்தால் இதைக் கூட்டலாம். சந்தேகம் வந்தால் நெருக்கமாகவே போடுங்கள்.

இடம் தேர்வதில் அளவு நாடாவுக்கு அடிமையாக வேண்டாம். தண்ணீரை வாங்கிக்கொள்ள எந்த இடம் தயாராக இருக்கிறது என்று பாருங்கள். மலை முன்துருத்தி நிற்கும் மூக்குப் பகுதியில், சருகும் புதரும் நிறைந்த சரிவு இருந்தால் அதுதான் சரியான இடம். குடைந்த பள்ளத்தில் இறக்கினால் அது அரித்து ஓடையாகிவிடும். பழைய மண்சரிவு இருந்த இடம், மரங்கள் சாய்ந்து நிற்கும் சரிவு, கீழே வீடோ காப்பிக் களமோ இருக்கும் இடம், இங்கெல்லாம் தண்ணீரை விடவே கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் எத்தனை உயிர் போயிற்று என்பது மலையில் இருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊறிப்போன சரிவில் இன்னும் தண்ணீரைத் திருப்புவது விளையாட்டுக் காரியமில்லை.

இனி வெட்டும் வேலை. தாழ்வை ரோட்டுக்கு நேர்க்குறுக்காக இல்லாமல் சற்றுச் சாய்வாக, 30 பாகை அளவுக்குக் கீழ்நோக்கித் திருப்புங்கள். மூன்று மீட்டர் ரோட்டில் வெளி முனை உள் முனையைவிட ஒன்றே முக்கால் மீட்டர் இறக்கத்தில் இருக்கும். இப்படிச் சாய்த்தால் தண்ணீர் தன் சேற்றைத் தானே தள்ளிக்கொண்டு போகும். நேர்க்குறுக்காகப் போட்டால் சேறு அங்கேயே படிந்து ஒரே மழையில் தூர்ந்துவிடும். தாழ்வின் அடி வெளிப்பக்கமாக நூற்றுக்கு ஐந்து இறங்கட்டும். தாழ்வின் தரையிலிருந்து மேட்டின் உச்சி ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். ஜீப் போகும் பாதையில் மேட்டை நாலைந்து மீட்டர் நீளத்துக்குப் பரப்புங்கள். டிராக்டரும் லாரியும் வந்தால் இதைப்போல் இரு மடங்கு. மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரத்தோடு இடித்து இறுக்குங்கள். மேட்டின் உள் முனை மலை வெட்டுக்குள் போய் ஒட்ட வேண்டும். அங்கே ஒரு சாண் சந்து விட்டாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

வெளி முனையில் தண்ணீர் விழும் இடத்தில் கைக்கு அடங்காத கற்களை, சின்னதும் பெரியதுமாக, ஒன்றோடொன்று கவ்வும்படி பதியுங்கள். வழுவழுப்பாகச் சிமெண்டு பூச வேண்டாம். கரடுமுரடு இருந்தால்தான் வேகம் அடங்கும்.

12 சதவீதத்துக்கு மேல் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி தாழ்வைத் தாண்டுவது கடினம். அங்கே கல் பதித்த குறுக்குச் சாக்கடை போடலாம். மரம் வெட்டி இறக்கப் போட்டு, இப்போது வண்டி ஓடாத பழைய கூப்பு ரோடாக இருந்தால் சிறிய குறுக்கு வரப்புகளை நெருக்கமாகப் போட்டு, அப்படியே புல் மண்டவிட்டுவிடலாம்.

ஓர வாய்க்காலும் குழாயும்

மலைப் பக்க வாய்க்காலை ஆண்டுதோறும் புல்லோடு வழித்தெடுக்கிறோம். பார்க்கச் சுத்தமாகத் தெரியும். உண்மையில் அடுத்த மழைக்கு வெறும் மண்ணைத் திறந்து வைக்கிறோம். விழுந்த மண்ணையும் கல்லையும் மட்டும் அள்ளுங்கள், புல் இருக்கட்டும். வெட்டுச் சரிவின் அடிமண்ணைத் தோண்டவே வேண்டாம். அடி போனால் மேலே இருப்பது இறங்கும்.

வாய்க்காலை ஓடை வரை கொண்டுபோய் முடிக்காதீர்கள். ஓடைக்கு முப்பது மீட்டர் முன்பே ரோட்டைக் கடத்திக் காட்டில் இறக்கிவிடுங்கள். குழாய் வைத்துக் கடத்துவதானால் ஒன்றரை அடி விட்டத்துக்குக் குறையாமல் வையுங்கள். சின்னக் குழாயை இரண்டு சருகுக் கட்டும் ஒரு வாழை மட்டையும் போதும், அடைத்துவிடும். குழாயின் வெளி வாய் அந்தரத்தில் தொங்காமல் தரையில் போய் முடியட்டும், கீழே கல் போடுங்கள்.

ஓடையைக் கடக்கும் இடம்

இருபுறமும் ரோடு ஓடையை நோக்கி இறங்கும். அந்த இறக்கத்தில் விழும் தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை. எனவே இரு பக்கத்திலும் கடைசித் தாழ்வு முடிந்தவரை ஓடைக்குக் கிட்டே, ஆனால் இறக்கிய நீர் சருகுக்குள் அடங்கும் அளவுக்குத் தள்ளி இருக்க வேண்டும். அதற்கும் ஓடைக்கும் இடைப்பட்ட பகுதியை முழுக்கக் கல்லால் கெட்டிப்படுத்துங்கள். பணம் குறைவு என்றால் மொத்த ரோட்டிலும் ஜல்லியைத் தூவுவதைவிட, இருக்கும் கல்லையெல்லாம் இங்கே கொட்டுவது நல்லது. கிராவல் என்று விற்கும் செம்மண்ணை ஓடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். அதில் பாதி கரைந்து ஓடையில்தான் சேரும். பெரிதும் சிறிதுமாக உடைத்த கல் கலந்த வெட்மிக்ஸ் இறுகி நிற்கும்.

நாளுக்கு ஓரிரு வண்டி போகும் பாதைக்கு, ஓடைத் தரை மட்டத்திலேயே தட்டைக் கல் பதித்த தரைப்பாலம் போதும். தரையைவிட உயர்த்திக் கட்டினால் மேல்புறம் மணல் தேங்கும், கீழ்ப்புறம் குழி பறியும். குழாய்ப் பாலம் போடுவதானால் வெள்ளத்தில் ஓடை எவ்வளவு அகலமாக ஓடுகிறது என்று பார்த்து, அந்த அகலத்தை ஒட்டிப் பெரிய குழாயாக வையுங்கள். குழாயின் அடி ஓடைத் தரைக்குள் கொஞ்சம் புதைந்திருக்கட்டும். பாறையில் ஒட்டி ஊர்ந்து ஏறும் சின்ன மீன்களுக்கு, வெளி வாயில் ஓரடி உயரத் தொங்கல் இருந்தாலே அது ஏற முடியாத சுவர்.

எந்தக் குழாயும் ஒரு நாள் அடைக்கும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? ரோடு ஓடையைக் கடந்த பிறகும் இறங்கிக்கொண்டே போனால், வெள்ளம் முழுவதும் ரோட்டுக்குள் புகுந்து அரைக் கிலோமீட்டர் ரோட்டை அரித்துவிட்டு வேறெங்கோ புதுப் பள்ளம் பறிக்கும். குழாய்க்கு மேலேயோ அதை ஒட்டிக் கீழ்ப்புறமோ ரோட்டில் ஒரு தாழ்வு இருந்தால், பொங்கிய நீர் ரோட்டின் மேலேறி மறுபடி அதே ஓடையில் இறங்கும். ஒரு நாள் வேலை இது. எத்தனையோ ரோடுகளை இது காப்பாற்றும்.

முழு ரோட்டுக்கும் கான்கிரீட் போட்டால் தீராதா?

கூட்டம் போட்டால் முதலில் எழும் கேள்வி இதுதான். கான்கிரீட் ரோட்டின் மேல்மண்ணைக் காக்கும், தண்ணீரைக் குறைக்காது. இன்னும் வேகமாகக் கீழே அனுப்பும். முடியும் இடத்தில் பெரிய பள்ளம் விழும். செங்குத்து ஏற்றத்தில் இரட்டைச் சக்கரத் தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, இடையிடையே குறுக்குச் சாக்கடை விடுவது நல்ல வழி. தண்ணீரை இறக்கும் வேலை முடிந்த பிறகே கான்கிரீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

நடவு, காலம், அனுமதி

புதிதாகக் கிளறிய மண் எதுவும் வெறுமையாக மழையைப் பார்க்கக் கூடாது. தாழ்வின் வெளிவாய்க்குக் கீழேயும் மண் போட்ட சரிவிலும், சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் வெட்டிவேர் நாற்றை அரையடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள். வேர் மூன்று மீட்டர் வரை நேரே இறங்கும், பக்கத்துப் பயிரில் படர்ந்து தொல்லை தராது. எலுமிச்சைப் புல்லும் நன்றாக நிற்கும். நட்ட இடத்தின் மேல் சருகு மூடிவிடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் மண் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமாக இருக்கும். இடித்து இறுக்க அதுதான் பதம். கோடைப் புழுதியில் போட்ட மேடு இறுகாது, ஐப்பசியில் போட்டது கரைந்துவிடும்.

ஓடைப் புறம்போக்கு அரசு நிலம். காட்டு எல்லையில் வனத்துறையிடமும், ஊராட்சி ரோட்டில் கிராமசபையிலும் பேசாமல் கை வைக்கக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ஜேசிபி இறக்க வருவாய்த் துறை அனுமதி தேவை. தண்ணீர் இறங்கும் தோட்டம் பக்கத்துக்காரருடையது என்றால், வேலைக்கு முன்பே அவரை அழைத்துக் காட்டி, "அண்ணே, இங்க இறக்குனா உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேளுங்கள். மண்வளம் உள்ள தண்ணீரைத் தன் காப்பிக்கு வாங்கிக்கொள்ள பலர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார்கள்.

காப்பிப் பழம் எடுக்கும் காலமும் மழை ஓயும் காலமும் ஒட்டி வருவதால், ஊறிய ரோட்டில் சுமை வண்டி ஓட்டாமல் இருப்பது எங்களுக்குக் கடினம். ஆனாலும் பெருமழைக்குப் பின் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், வண்டியை நிறுத்துங்கள். ஒரே ஈர நாளில் விழும் தடம் அந்த ஆண்டு முழுவதற்கும் தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும். ஒவ்வொரு பெருமழை முடிந்ததும் மண்வெட்டியோடு ஒரு நடை போய், தாழ்வுகளில் படிந்த சேற்றை எடுத்து மேட்டின் மேலேயே போட்டு மிதித்துவிட்டு வாருங்கள்.

வேலை தொடங்கும் முன் ஓர் அளவு எடுத்து வையுங்கள். நல்ல மழை நாளில், ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி தண்ணீர். நிறமில்லாத பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியே போதும். தேதி எழுதி ஜன்னலில் வைத்தால் மறுநாள் காலையில் அடியில் சேறு படிந்திருக்கும். ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில், அதே அளவு மழையில், மறுபடி இரண்டு புட்டி. கீழ்ப்புட்டியில் சேறு குறையவில்லை என்றால் குடையை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டிலிருந்து நடங்கள். எங்கோ ஒரு மேட்டின் உள் முனையைச் சுற்றித் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்.